ஏழாவது கட்டை

மொத்தம் நாலு கேசட்.
நாலும் முதல் ஆல்பம்.
நாலு பேண்டுக்கும் இரண்டாவது என்று ஒன்று கிடையாது.

கரண்ட் பில்லின் பின்பக்கம்
கோடு போட்டுப் பார்க்கிறேன்,
யார் எதில் வாசித்தார்கள்
யார் யாரிடம் கோபித்துக்கொண்டு எங்கே போனார்கள் என்று.
கல்யாண வீட்டில்
உறவுமுறை சொல்வதைவிடச் சிக்கல்.

முதலில் ‘தேரிக்காடு’, தொண்ணூற்றொன்று.
டிரம்ஸ் ஆசீர் செல்வின், பாஸ் இஸ்ரவேல்,
கிட்டாரும் தொண்டையும் மீரான் கனி.
குலவணிகர்புரத்தில் ஒரு மாடி அறை,
சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியும்
மூன்றாவது பாட்டில் கேட் மூடுகிற மணி கேட்கும்.
நாகர்கோவில் வண்டி அன்றைக்குத் தாமதம்.
மறுபடி எடுப்போம் என்றான் ஆசீர்.
இருக்கட்டும்லே, சுதி சேருது என்றான் மீரான்.
சேரவில்லை. அரைச் சுதி தள்ளித்தான் அடிக்கிறது.
ஆனாலும் மணி இல்லாமல்
அந்தப் பாட்டை முணுமுணுக்க இன்றுவரை எனக்கு வராது.

‘மஞ்சள் காமாலை’ என்று பேர் வைத்தவர்கள்
நிஜமாகவே அது வந்து எழுந்தவர்கள்.
பத்தொன்பது நிமிஷம், பதினோரு பாட்டு,
எல்லாம் கத்தல்.
இஸ்ரவேல் துபாய் போகிற அவசரத்தில்
பாஸ் கிட்டாரை முப்பிடாதிக்கு விற்றிருந்தான்,
எண்ணூறு ரூபாய், ஒரு சைக்கிள் டைனமோ.
அதில் ஏழாவது கட்டை ஊமை.
விரல் வைத்தால் டப்பென்று செத்த சத்தம்.
அதனால் முப்பிடாதி ஆறில் நின்று எட்டுக்குத் தாவுவான்.
இஸ்ரவேலும் அப்படித்தான் தாவினான்.
அவர்களுக்குப் பின் வாங்கியவளும்.

போன வருஷம் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து
நாலையும் ஹெட்போனில் கேட்டுவிட்டு
அந்தத் தாவல் தாமிரபரணிப் பாணியா என்றார்.
ஆமாம் என்றேன்.
குறித்துக்கொண்டார்.

மூன்றாவது ‘ஃபியூஸ் கேரியர்’.
டிரம்ஸ் எஸ். ஏ. வின் என்று அட்டையில் இருக்கிறது.
அது ஆசீர் செல்வினேதான்;
மீரானுக்குத் தெரியக் கூடாது.
நான்காவது ‘கண்மணி சைக்கிள் மார்ட்’.
காசு போட்ட கடையின் பேர்.
பூரணவல்லி பாஸை அடித்துக்கொண்டே பாடுவாள்,
கடைசிப் பாட்டின் நடுவில்
ஏல நிப்பாட்டு, கரண்ட் போப்போவுது என்பாள்.
போய்விட்டது. கேசட் அங்கேயே முடிகிறது.

இதுவரை கோடு போட்டுவிட்டேன்.
இன்னும் ஒரு கோடு பாக்கி.

என்னிடம் இருந்தது ஒரே நாலு டிராக் மெஷின்.
ஃபியூஸ் கேரியர் வந்த வாரம்
புது டேப் வாங்கக் கையில் காசில்லை.
தேரிக்காட்டின் மூல டேப்மேல் பதிந்தேன்.
அவர்களுக்கு மூன்று டிராக் போதுமாயிருந்தது,
நாலாவதை அழிக்க மறந்தேன்,
அந்தக் குமிழ் எப்போதும் முழுசாக இறங்காது.

மூலத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது
என்று மீரானிடம் சொன்னேன்.
இருபத்தாறு பிரதியோடு தேரிக்காடு நின்றது.
அவன் மேலப்பாளையத்தில் டைல்ஸ் கடை வைத்தான்.

நேற்று வந்தான். மகள் கேட்கிறாளாம்,
வாப்பா நீ பாடுவியாமே என்று.
தேரிக்காட்டைத் தேடியெடுக்கும்வரை
சும்மா ஓடட்டும் என்று
கைக்குச் சிக்கியதைப் போட்டேன்.
ஃபியூஸ் கேரியர்.

கொக்கிரகுளத்தில் எடுத்தது அது.
அங்கே ஆறு உண்டு, தண்டவாளம் கிடையாது.
இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவதுக்கும் இடையே
ஐந்தாறு நொடி வெறும் இரைச்சல்.
அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல,
மணி.

மீரான் தலையைச் சாய்த்துக் கேட்டான்.
டீயை ஒரு வாய் உறிஞ்சினான்.
கேட் போட்டுட்டான்லே என்றான்.

அவ்வளவுதான் சொன்னான்.
அடுத்த பாட்டில் டிரம்ஸ் தொடங்கியதும்
அவன் விரல் மேசையில் தட்டத் தொடங்கியது,
ஆசீர் எங்கே பிந்துவானோ அங்கே
சரியாகப் பிந்தி.